எட்டு நிமிஷக் காது

ஆர்டிஸ் டோர்வாலுக்குக் கை நீளம் என்பது எங்கள் ஊரில் தவழுகிற பிள்ளைக்கும் தெரியும். அவள் வாய் திறப்பதற்குள் கை போய் இறங்கியிருக்கும். அதை நான் மறைக்கப் போவதில்லை, அவளும் மறைத்ததில்லை. ஆனால் அந்தக் கை எதற்காக இறங்கியது என்று ஒருத்தன் கேட்டதில்லை. எனக்கு எரிச்சல் வருவது அங்கேதான்.

பதினோரு வயதில் அண்ணன் டெல்லின் மூக்கை உடைத்தாள். ஏரி உறைந்ததும் பனிக்கட்டியைக் குத்தி மீன் பிடிக்கிற கடப்பாரை, அதன் பின்பக்கத்தால் ஒரே அடி. மூக்கு ஒரு பக்கமாகப் போய் உட்கார்ந்தது, இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. அம்மா பெல்ட்டை எடுத்து ஆர்டிஸின் முதுகில் கை ஓயும்வரை வீசினாள். அந்த முதுகில், சட்டைக்கு அடியில், காற்றுத் துப்பாக்கி ரவைகள் மூன்று தோலுக்குள் புதைந்து கிடந்தன. டெல் அவளைக் கொட்டகைச் சுவரோரம் ஓடவிட்டுக் குறி பார்த்துப் பழகியிருந்தான். பெல்ட் ரவைகளின் மேலேயே விழுந்தது. அம்மா சட்டையைத் தூக்கிப் பார்க்கவில்லை.

பத்தொன்பது வயதில் இறைச்சி ஆலையில் எலும்பு பிரிக்கிற வரிசையில் நின்றாள். குளிர் அறைக்குள் வைத்து மேஸ்திரி அவள் மேல் கை வைத்தான். தொங்கிக்கொண்டிருந்த கொக்கியைக் கழற்றி அவன் காதோரம் ஒன்று கொடுத்தாள். வேலை போனது அவளுக்குத்தான். பிறகு வெண்டெல் என்று ஒருவனைக் கல்யாணம் செய்துகொண்டாள். நாலு வருஷம் அவன் முதல் அடி அடிப்பான், இவள் கடைசி அடி அடிப்பாள். ஒருநாள் அவன் கையைத் தூளி கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு பஸ் ஏறிப் போனான். ஊரே பஸ் நிறுத்தத்தில் நின்று வெண்டெலுக்காக உச்சுக்கொட்டியது.

கடைசியாக நடந்தது மதுக்கடையில். ஒரு வெள்ளிக்கிழமை, மீன் வறுவல் சாப்பிட ஊரே கூடியிருந்த நேரம். அவளுடைய கிழட்டு நாயை ரோட்டிலிருந்தபடியே சுட்டுப் போட்டவன், சுட்ட கதையைச் சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தான். பில்லியர்ட்ஸ் கோலால் அவன் தாடையை இரண்டு இடத்தில் உடைத்தாள். வக்கீல் நாயைப் பற்றி வாய் திறந்தார், நீதிபதி கையைக் காட்டி உட்காரச் சொன்னார். மூன்று வருஷச் சிறை. ஆனால் இப்போது போக வேண்டாம். இன்னொரு முறை யார் மேலாவது கை ஓங்கினால் அன்றைக்கே உள்ளே. நீதிபதி அப்படிச் சொன்னபோது டெல் பின்வரிசையில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான்.

இத்தனைக்கும் நடுவில் அவள் ஒரு தொழில் கற்றிருந்தாள் என்பதைச் சொல்ல வேண்டும். தபாலில் வருகிற பாடங்களைப் படித்து, செத்த மிருகங்களைப் பாடம் செய்யக் கற்றுக்கொண்டாள். முதலில் செய்த அணில் அவித்த உருளைக்கிழங்குபோல இருந்ததாம். பத்து வருஷத்தில், நவம்பரில் மான் சுடுகிறவர்கள் மூன்று தாலுகா தாண்டித் தலையை அவள் கொட்டகைக்குக் கொண்டுவந்தார்கள்.

காரணம் காது. மான் தலையில் கண்ணை யார் வேண்டுமானாலும் வைத்துவிடலாம், கண்ணாடிக் கண் கடையில் கிடைக்கிறது. காதுதான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். பதனிட்ட தோலில் காதை உறைபோல உள்வெளியாகத் திருப்ப வேண்டும். உள்ளே இருக்கிற குருத்தெலும்பை ஓரம் கிழியாமல் உரித்து எடுக்க வேண்டும். எடுத்த இடத்தில் காது வடிவிலேயே வெட்டித் தேய்த்த பிளாஸ்டிக் தகட்டைச் செருகிப் பசை போட வேண்டும். தகடு ஒரு நூல் பெரிதானால் காதோரம் பிளக்கும், ஒரு நூல் சிறிதானால் ஆறு மாதத்தில் காய்ந்த இலையாகச் சுருளும். ஆர்டிஸ் செருகின தகடு தோலுக்குள் இருப்பது தொட்டால்கூடத் தெரியாது. மனுஷர்களை அடித்து நொறுக்குகிற அந்தக் கைதான் இதையும் செய்தது.

தகடு செருகின காதைத் தலையில் நிறுத்துவது அடுத்த வேலை. மற்றவர்கள் காதின் அடியில் களிமண்ணை அடைத்து, ஒரு வாரம் காயவிட்டு, தினம் தள்ளித் தள்ளி நிறுத்துவார்கள். ஆர்டிஸுக்கு அந்தப் பொறுமை கிடையாது. துருப்பிடித்த காரில் ஓட்டை அடைக்கிற பட்டியைத்தான் அவள் எடுப்பாள். சாம்பல் நிறப் பட்டியில் சிவப்புப் பசையைக் கலந்தால் ரோஸ் நிறம் வரும், நெடி மூக்கில் ஏறும். கலந்ததிலிருந்து எட்டு நிமிஷம். அதற்குள் இரண்டு காதின் அடியிலும் அடைத்து, இரண்டையும் இரண்டு கையால் பிடித்து, வேண்டிய கோணத்தில் அசையாமல் நிற்க வேண்டும். விட்டால் சரிந்துவிடும், சரிந்தால் அப்படியே கல்லாகிவிடும். கையுறை போட மாட்டாள். போட்டால் விரலுக்கு ஒன்றும் தெரியாது என்பாள். பிதுங்கின பட்டி விரலெல்லாம் ஒட்டி ஓடாக இறுகும், சாயங்காலம் உட்கார்ந்து உடைத்து எடுப்பாள்.

இனி டெல். அவன் கார் பட்டறையில் அதே பட்டியைத் தினம் பிசைகிறவன். அப்பா செத்தபோது ஏரிக்கரை வீட்டையும் கொட்டகையையும் இரண்டு பேர் பேரிலும் எழுதிவிட்டுப் போனார். சிகாகோக்காரன் ஒருவன் அந்த இடத்தைக் கேட்டுக்கொண்டு இரண்டு கோடையாக வந்துபோனான். ஆர்டிஸ் அங்கே குடியிருந்து தொழில் செய்கிறவரை விற்க முடியாது, அவள் கையெழுத்தும் போட மாட்டாள். அவள் சிறைக்குப் போனால் கொட்டகை காலியாகும், கையெழுத்தையும் வாங்கிவிடலாம் என்பது அவன் கணக்கு. அவள் சிறைக்குப் போக ஒரே ஒரு அடி போதும். இது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். கிறிஸ்துமஸிலிருந்து அந்த அடியை வாங்கத்தான் அவன் வந்து வந்து போனான். அவள் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு உள்ளே நின்று தன் முன்னங்கையைக் கடித்துக்கொள்வாள். அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் கையில் பல்தடம் இருந்தது.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானத்துக்குச் சற்று முன்பு. ஸ்டாண்டில் இருந்தது கோர்டி லுண்டின் மான். கோர்டி ஷெரீப்பின் கீழ் வேலை செய்கிற போலீஸ்காரன், ஆர்டிஸோடு பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. அவளுக்கு இரண்டு முறை விலங்கு மாட்டினவனும் அவன்தான். எங்கள் ஊரில் அதற்காக மானை வேறு ஆளிடம் கொடுக்க மாட்டார்கள். "காது ரெண்டும் முன்னால பாத்து நிக்கணும் ஆர்டிஸ். சாந்தமா. முறைக்கிற மாதிரி இருந்தா வீட்டுக்குள்ள விட மாட்டேன்னு சொல்லிட்டா என் பொண்டாட்டி" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

பதினொன்று நாற்பத்து மூன்றுக்குப் பட்டியைக் கலந்தாள். காதடியில் அடைத்தாள். இரண்டு காதையும் பிடித்து முன்னால் திருப்பினாள். கதவுக்குத் தாழ் போடவில்லை, விறகு எடுத்துவந்தபோது மறந்துவிட்டாள்.

"என்ன ஆர்டி, மானுக்குச் சடை பின்னிவிடறியா?"

அவள் திரும்பவில்லை. "வெளிய போடா. கை ரெண்டும் வேலையா இருக்கு."

"தெரியுது. வாசனையே சொல்லுதே, இப்பத்தான் கலந்திருக்க." டெல் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். "ஒண்ணு கையெழுத்துப் போடு, நான் போறேன். இல்ல, என்னை அடி, நீ போ. ரெண்டுல ஒண்ணு."

"காது காஞ்சதும் பேசிக்கலாம்."

"காயட்டும்னா நான் வந்தேன்?"

பிடரியில் முதல் அடி விழுந்தது. திறந்த கையால்தான், ஆனால் அவள் நெற்றி போய் மானின் மூக்கில் மோதியது. அவள் கோபம் எப்போது உச்சிக்கு ஏறும் என்று டெல்லுக்குத் தெரியும். வேலையில் கை வைத்தால் ஏறும். அதனால்தான் இந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தான். அவள் கையை உதறிக்கொண்டு திரும்புவாள், ஒன்று விடுவாள், வேலை முடிந்தது. பிறந்ததிலிருந்து அவள் அப்படித்தானே.

அவள் உதறவில்லை.

"காது கேக்கலியா?" என்று விலாவில் முஷ்டியால் குத்தினான். மூச்சு வெளியே போய்த் திரும்பி வரவில்லை. இரண்டாவது குத்து அதே இடத்தில். உள்ளே ஏதோ சுள்ளி ஒடிவதுபோல ஒடிந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டரை நிமிஷம்தான் ஆகியிருந்தது.

"அம்மாகிட்ட அன்னைக்கு வாங்கினியே, அப்பவும் இப்படித்தான் நின்ன. கட்டை மாதிரி. அந்த ரவைங்க இன்னும் உள்ளதான் இருக்கா?" தலைமயிரைக் கொத்தாகப் பிடித்து, முகத்தைக் கொம்பில் கொண்டுபோய் இடித்தான். கொம்பு முனை புருவத்தைக் கிழித்தது. ரத்தம் கண்ணில் இறங்கி ஒரு பக்கம் உலகம் சிவந்தது. துடைக்கக் கை இல்லை. மானின் கழுத்து மயிரில் சொட்டியது, அதைப் பார்த்ததும்தான் அவளுக்கு ஆத்திரம் வந்தது.

நல்ல பிள்ளையாக நின்றாள் என்று நான் எழுதப் போவதில்லை. தோல் சுரண்டுகிற இரட்டைப்பிடிக் கத்தி ஒரு முழ தூரத்தில் கிடந்தது. ஆலையில் எலும்பு பிரித்தவள் அவள். எந்த விலாவுக்கும் எந்த விலாவுக்கும் நடுவில் இறக்கினால் தடங்கல் இல்லாமல் போகும் என்று அவளுக்குத் தெரியும். மனசுக்குள் இறக்கினாள். இழுத்துத் திருப்பினாள். டெல்லின் கண் நிலைகுத்துவதைப் பார்த்தாள். சிறையை அவள் நினைக்கவே இல்லை. கையை எடுத்தால் காது சரிந்துவிடும் என்பது ஒன்றுதான் தடுத்தது.

ஐந்தாவது நிமிஷத்தில் அவன் முழங்காலுக்குப் பின்னால் உதைத்தான். கால் மடங்கியது. அவள் விழவில்லை, காதைப் பிடித்துத் தொங்கினாள். அவள் பாரத்துக்கு இரண்டு காதும் பின்னால் இழுபட்டன. எழுந்து முன்னால் தள்ளப் பார்த்தாள். பட்டி அதற்குள் கெட்டியாகி, தள்ளத் தள்ள மறுத்தது. மறுபடி உதைத்தான். மறுபடி தொங்கினாள். ஸ்டாண்டு கிரீச்சிட்டது. அவள் மேல் உதடு கிழிந்து பல்லில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"அடிடீ! ஒண்ணே ஒண்ணு அடி! நீ ஆர்டிஸ்தானே?" அவனுக்கு மூச்சு வாங்கியது, குரல் கிட்டத்தட்ட அழுவதுபோல இருந்தது. வாழ்க்கையில் முதல் முறையாகத் தங்கச்சி அவனை ஏமாற்றியிருந்தாள்.

பிறகு அவன் நின்றான். கடிகாரத்தைப் பார்த்தான். மேஜையின் கோடியில், சாமான்களை இறுக்கிப் பிடிக்கிற இரும்பு வைஸ் முடுக்கி வைத்திருக்கிற இடத்துக்குப் போனான். இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு குனிந்து, தன் வாயை இரும்பில் ஓங்கி இடித்தான். ஒரு சத்தம் வந்தது. நிமிர்ந்தான், இன்னொரு முறை இடித்தான். முன்பல் ஒன்று தரையில் விழுந்து உருண்டது. உதடும் மூக்கும் கூழாகிச் சட்டையெல்லாம் ரத்தம்.

"இப்ப நீ அடிச்சாச்சு" என்றான், குழறிக்கொண்டு. தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். வண்டி கிளம்பிப் பனியில் வழுக்கிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது.

அப்போதுதான் அவள் விரலடியில் சூடு ஏறியது. பட்டி இறுகும்போது கொதிக்கும், வழக்கமானதுதான். மூன்று மாதத்துக்கு முன்பு செத்த மானின் காது அவள் கைக்குள் காய்ச்சல் வந்த பிள்ளையின் காதுபோலச் சுட்டது. எட்டு நிமிஷம் முடிந்தது. கையை எடுத்தாள்.

இரண்டு காதும் பின்னால் படிந்து, பிடரியோடு ஒட்டியிருந்தன. கிடா மான் முட்டப் போகும்முன் காதை அப்படித்தான் வைக்கும். காதடியில் பத்து விரலும் பதிந்த குழி. அவள் கைக்கு வந்த வேலைகளிலேயே மட்டமான வேலை. அவளுக்கு விலா வலிக்கவில்லை, சிறை ஞாபகம் வரவில்லை. இதைப் பார்த்துத்தான் வாய்விட்டுக் கத்தினாள். முழுக்க இறுகுவதற்குள் உடைத்து எடுத்துவிடலாம் என்று, காதைப் பிடித்த வளைவிலேயே விறைத்துப்போன விரல்களுக்குள் உளியையும் சுத்தியலையும் செருகிக்கொண்டாள்.

டெல் நேரே போனது நாலு நிமிஷ தூரத்திலிருந்த சாப்பாட்டுக் கடைக்கு. கோர்டி அங்கே சூப்பில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டிருந்தான். தங்கச்சி அடித்துவிட்டாள் என்று டெல் வாயைக் காட்டினான், கோர்டி அவனையும் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினான். கோர்டி கொட்டகைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தபோது சரியாக மணி பன்னிரண்டு. ஆர்டிஸ் முகமெல்லாம் ரத்தமாக, உளியை ஓங்கிக்கொண்டு நின்றாள். அவன் கை துப்பாக்கிக்குப் போனது.

"கீழ போடு."

"காதைப் பிரிக்கணும் கோர்டி. இன்னும் ரெண்டு நிமிஷம் போனா ஒண்ணும் பண்ண முடியாது."

"போடுன்னேன்ல!"

போட்டாள். அவளைச் சுவரோடு திருப்பி நிறுத்தி, கையைப் பின்னால் இழுத்து விலங்கை எடுத்தான். மூன்றாவது முறை. இரண்டு பேருக்கும் பழகிப்போன காரியம், அவள் தானாகவே மணிக்கட்டை நீட்டினாள். பிடித்த கை என்னவோபோல இருக்கவே அவன் குனிந்து பார்த்தான். விரல் நுனியிலிருந்து முட்டிவரை ரோஸ் நிறத்தில் ஓடு. அதில் மான் மயிர் ஒட்டியிருந்தது. விரிசல் இல்லை.

"விரலை மடக்கு" என்றான்.

"எதுக்கு?"

"மடக்கேன்."

அவள் முஷ்டி மடக்கினாள். ஓடு படபடவென்று வெடித்துத் துண்டு துண்டாகத் தரையில் விழுந்தது. கோர்டி விழுந்ததைப் பார்த்தான். முஷ்டி மடக்கி அடித்த கை என்றால் அந்த ஓடு முன்பே உடைந்திருக்கும். எங்கள் பக்கம் ரோட்டில் உப்புப் போட்டுப் போட்டே ஒரு வண்டியும் உருப்படியாக இருக்காது. குளிர்காலம்தோறும் பட்டி பிசைந்து ஓட்டை அடைக்காத ஆண்பிள்ளை கிடையாது. கோர்டி போய்த் தன் மானின் காதடியைத் தொட்டான். தொட்ட கையை வெடுக்கென்று எடுத்தான். இன்னும் சூடு.

"எப்பக் கலந்த?"

"பதினொண்ணு நாப்பத்து மூணு."

"அவன் எப்ப வந்தான்?"

"அடுத்த நிமிஷம்."

கோர்டி பத்து விரல் குழியையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான். பட்டி இறுகிய பதினொன்று ஐம்பத்தொன்றுவரை அந்த விரல்கள் அங்கேதான் இருந்திருக்கின்றன, டெல்லோ ஐம்பத்தைந்துக்கு முன்பே சாப்பாட்டுக் கடையில் நின்றான். பிறகு அவள் புருவத்தை, உதட்டை, கொம்பு முனையில் ஒட்டியிருந்த தோலை. கொட்டகையின் அடுத்த கோடிக்குப் போய் வைஸின் முன்னால் நின்றான். அதில் ரத்தம் ஒழுகிக் காயாமல் இருந்தது. அடியில் பல் கிடந்தது. தினம் அந்தப் பட்டியில் முங்கிக் குளிக்கிறவன் டெல். தான் கிளம்பின நேரத்தையும் தங்கச்சியின் கை இருந்த இடத்தையும் அது அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும் என்று அவனுக்குத் தோன்றாமல் போயிற்று.

கோர்டி திரும்பி வந்தான். விலங்கை இடுப்பில் மாட்டிக்கொண்டான். தொப்பியைக் கழற்றிக் கையில் சுற்றினான்.

"ஆர்டிஸ், நீ அவனை அடிச்சியா?"

அவள் அவனையே பார்த்தாள். நாற்பத்தாறு வயது. அம்மா கேட்டதில்லை, ஆலைக்காரன் கேட்டதில்லை, நீதிபதி கேட்டதில்லை, முன்னால் இரண்டு முறை இதே கோர்டி கேட்டதில்லை. அடித்தாயா என்று கேள்வியாக ஒரு ஆள் அவளைக் கேட்டது அன்றைக்குத்தான். வாய் திறந்தாள். வார்த்தைக்குப் பதில் அழுகை வந்தது. ஒடிந்த விலாவைப் பிடித்துக்கொண்டு, வலிக்க வலிக்க, மூக்கு ஒழுக அழுதாள்.

"இல்ல" என்றாள் கடைசியில். "ஆனா நான் நல்லவ இல்ல கோர்டி. இது மட்டும் முன்னாடியே காஞ்சிருந்தா, அதோ அந்தக் கத்திய அவன் விலாவுல இறக்கியிருப்பேன். மனசுக்குள்ள இறக்கிட்டேன். நீ வந்து என்னைக் கூட்டிட்டுப் போறது சரியாத்தான் இருந்திருக்கும்."

"நான் அதைக் கேக்கல" என்றான் கோர்டி.

வெளியே அவன் வண்டியில் டெல் வாயில் துண்டை வைத்துக்கொண்டு, விலங்கு மாட்டின தங்கச்சியைப் பார்க்கக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தான். கோர்டி கதவைத் திறந்து அவனை வெளியே இழுத்தான். மெதுவாக இழுத்தான் என்று சொல்ல மாட்டேன். வண்டிக் கூரையில் நெற்றி இடித்த சத்தம் கொட்டகைவரை கேட்டது. "குனியச் சொன்னேன், கேக்கல" என்று பிறகு அறிக்கையில் எழுதினான்.

தங்கச்சியை அடித்ததற்கும் போலீசிடம் பொய் சொன்னதற்கும் சேர்த்து டெல் பதினாறு மாதம் உள்ளே இருந்தான். ஏரிக்கரை வீட்டில் ஆர்டிஸ் இருக்கிறாள். சிகாகோக்காரன் வேறு ஏரி பார்த்துக்கொண்டான்.

வாரம் ஒன்று கழிந்ததும், விலாவில் கட்டோடு கோர்டியிடம் போய் நின்றாள். "தலையக் கொண்டா. காதை வெட்டிப் பிரிச்சு, புதுத் தகடு செருகி, முன்னால பாக்க நிறுத்தித் தர்றேன். இதுக்கு நீ ஒண்ணும் தர வேண்டாம். அப்படியே விட்டா என் பேர் கெடும்."

"இருக்கட்டும்" என்றான் அவன்.

"உன் பொண்டாட்டி வீட்டுக்குள்ள விட மாட்டாளே."

"விட்டுட்டா. என்ன நடந்துச்சுன்னு சொன்னேன். நடு ஹால்ல அவளே ஆணி அடிச்சா."

இன்றைக்கும் அது அங்கேதான் தொங்குகிறது, காதைப் பின்னால் ஒட்டவைத்து, வருகிறவர்களை முட்ட வருவதுபோல. நவம்பரில் வேட்டை முடிந்ததும் கோர்டி வீட்டில் மான்கறி விருந்து நடக்கும், ஆர்டிஸும் போவாள். அவளை வேண்டுமென்றே அந்தத் தலைக்கு அடியில் உட்காரவைப்பார்கள். அங்கே உட்கார்ந்திருக்கிற நேரமெல்லாம் அவளுக்குக் கை பரபரக்கும். வேறு எதற்கும் இல்லை, அந்தக் காது இரண்டையும் சரியாக நிறுத்துவதற்கு.